பெரிய இடம் முதலில்

நான்கு நிமிட வேலை அது. கோக்-தாஷ் மாவட்ட மலைநீர் அலுவலகத்தில் அதற்கு முப்பத்தெட்டு நாள் பிடித்தது. நான்கு நிமிட வேலையை நான்கே நிமிடத்தில் முடித்துவிட்டால், இந்த அலுவலகத்தில் இருபத்தாறு பேர் எதற்கு என்று எவனாவது கேட்டுவைப்பான் அல்லவா? அந்தக் கேள்வி வராமல் பார்த்துக்கொள்வதுதான் அங்கே எல்லோருக்கும் முதல் வேலை. ஏரியும் ஆறும் அப்புறம்தான்.

மேதெர்பெக் அந்த அலுவலகத்தின் அளவுக்காரன். மாதம் இரண்டு தடவை குதிரையேறி கெர்-கோல் ஏரிக்குப் போவான். பனிமலை உருகி வந்த தண்ணீர், தானாகச் சரிந்து குவிந்த கல்லுக்கும் சேற்றுக்கும் பின்னால் தேங்கி உண்டான ஏரி அது. கரை என்று பேர்தான், எந்தக் கொத்தனாரும் கட்டியதில்லை. தண்ணீர் எந்தக் கோடு வரை நிற்கிறது என்று பார்த்துக் குறித்து, படம் பிடித்து, இறங்கி வந்து, கணினியில் அந்தந்த வருஷத்து ஃபோல்டரில் போடுவான். பதினோரு வருஷம், பதினோரு ஃபோல்டர். அந்தப் பதினோரு வருஷத்தில் தண்ணீர் இரண்டு ஆள் உயரம் ஏறியிருந்தது.

ஏரிக்கு நேர் கீழே தோலோனோ கிராமம். அதில் ஓடையை ஒட்டிய முதல் வீடு அவன் அக்கா கூமுஷுடையது. கரை உடைந்தால் அவள் வீட்டுக்குத் தகவல் சொல்ல ஆள் அனுப்ப வேண்டிய அவசியமே இருக்காது.

மே பத்தாம் தேதி தலைநகரத்தில் ஒரு குழு கூடும். இந்தக் கோடையில் எந்த ஏரியிலிருந்து வாய்க்கால் வெட்டித் தண்ணீரை இறக்குவது என்று அது முடிவு செய்யும். நாற்பது மாவட்டம், மலையேறும் தோண்டுயந்திரம் இரண்டே இரண்டு. தலைமையகத்துச் சர்வரில் இருக்கும் அளவுகளை மட்டும்தான் குழு பார்க்கும். அதில் இல்லாத ஏரி, இல்லாத ஏரிதான்.

அனுப்புவது ஒன்றும் பிரம்மவித்தை இல்லை. கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி. முதலில் எதை அனுப்புவது, அடுத்து எங்கே அனுப்புவது. எழுதி எண்டரைத் தட்ட வேண்டும். மார்ச் மாதக் கடைசியிலேயே மேதெர்பெக் அந்த வரியை எழுதிவிட்டான். தட்டத்தான் எண்டர் இல்லை.

அந்தக் கூத்தையும் சொல்லிவிடுகிறேன். போன வருஷம் தட்டச்சுக்காரி ஒருத்தி கைதவறி எண்டரைத் தட்டியதில், இயக்குநர் அமைச்சருக்கு எழுதிக்கொண்டிருந்த பிறந்தநாள் வாழ்த்து பாதியிலேயே போய்ச் சேர்ந்தது. "மாண்புமிகு அமைச்சரே, தாங்கள் ஒரு" என்பதோடு கடிதம் முடிந்திருந்தது. தாங்கள் ஒரு என்ன என்று அமைச்சர் அலுவலகம் மூன்று தடவை விளக்கம் கேட்டது. இயக்குநர் தாலாய்பெக் முசாயெவிச் அன்றைக்கே ஓர் உத்தரவு போட்டார். எல்லா விசைப்பலகையிலும் எண்டர் பொத்தானைப் பிடுங்கி, அவர் அறை இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டினார்கள். பொத்தான் இருந்த பள்ளத்தில் சிவப்பு அரக்கை ஊற்றி முத்திரை குத்தினார்கள். அரக்கு மிச்சமிருந்ததால் பென் டிரைவ் செருகும் ஓட்டைகளையும் அடைத்தார்கள். ஒப்படைப்புப் படிவத்தில் ஒரு பலகைக்கு ஓர் எண்டர் என்றுதான் கட்டம் இருந்தது. ஒன்றைப் பிடுங்கிக் கட்டம் நிரம்பியதும் வேலை முடிந்தது. அன்றிலிருந்து அந்த அலுவலகத்துக் கடிதங்களில் பத்தி பிரிவதில்லை.

ஆக, மேதெர்பெக் தன் வரியைக் காகிதத்தில் எழுதிக்கொண்டு இயக்குநர் அறைக்குப் போனான்.

தாலாய்பெக் முசாயெவிச் கண்ணாடியை மாட்டிக்கொண்டு காகிதத்தை அப்படியும் இப்படியும் திருப்பினார்.

"என்னப்பா இது, மைக்கூட்டுல விழுந்த பூச்சி ஊர்ந்து போன மாதிரி இருக்கு?"

"ஃபோல்டர்களைத் தலைநகருக்கு அனுப்புற வரி, தாலாய்பெக் முசாயெவிச். எண்டரை ஒரு தடவை குடுத்தீங்கன்னா நாலு நிமிஷத்துல முடிச்சிட்டுத் திருப்பிக் குடுத்துடுவேன்."

"நாலு நிமிஷமா!" இயக்குநர் கண்ணாடியைக் கழற்றினார். "பதினோரு வருஷ வேலைக்கு நாலு நிமிஷம்னு சொல்றது அந்த வேலையை அவமானப்படுத்துறது, தெரியுமா? தம்பி, இந்த நாற்காலியில பதினாலு வருஷமா உக்காந்திருக்கேன். ஒரு தப்பு பண்ணியிருப்பேனா? ஒண்ணு? ஏன்னு கேளு."

"ஏன்?"

"எதையுமே பண்ணினதில்ல. போ, முறைப்படி கையெழுத்து வாங்கிட்டு வா."

முறைப்படி என்றால் ஏழு கையெழுத்து. முதலாவது, தட்டச்சுப் பிரிவு. காகிதத்தில் இருந்ததை அவர்கள் கணினியில் அடித்தார்கள். வரியில் ஓரிடத்தில் இரண்டு சிறு கோடுகள் பக்கத்தில் பக்கத்தில் வர வேண்டும். கணினி தன் புத்தியைக் காட்டி அந்த இரண்டையும் ஒட்டி ஒரே நீளக் கோடாக்கிவிட்டது. இது தப்பு, இப்படி எழுதினால் கட்டளைக்குப் புரியாது என்றான் மேதெர்பெக். "ரெண்டு சின்னக் கோட்டுக்கு ஒரு பெரிய கோடு கௌரவம்தானே?" என்றாள் தட்டச்சுக்காரி. திருத்தப் படிவம் எழுதி, அது மேலே போய் இறங்கி வந்து, பெரிய கோடு மறுபடி இரண்டு சின்னக் கோடாக ஒன்பது நாள் ஆயிற்று.

நான்காவது கையெழுத்து தணிக்கையாளர் எர்மெக்குடையது. ஆள் எப்போதும் வாயில் ஒரு குருத் உருண்டையை ஒதுக்கிவைத்திருப்பார். உலர்ந்த தயிர் உருண்டை அவ்வளவு சீக்கிரம் கரையாது, அவர் போடும் கையெழுத்தும் அப்படித்தான்.

"அங்க ஒண்ணு இங்க ஒண்ணுன்னு இருந்தா நாளைக்கு எவன் பதில் சொல்றது?" என்றார் எர்மெக். "ரெண்டு பக்கமும் அச்சு அசலா ஒரே மாதிரி இருக்கணும். முதல் இடத்துல இல்லாதது ரெண்டாவது இடத்துல இருக்கவே கூடாது. அதுக்கு ஏதாவது சொல் இருக்கா?"

"இருக்கு. இருந்தா அழிச்சிடும். ஆனா நமக்கு அது தேவையே..."

"சேர்த்துடு."

சேர்த்தான். வரி சரியாக இருக்கும்வரை அந்தச் சொல்லால் கெடுதல் இல்லை. கூடைக்குள் இருக்கும் பாம்பு கடிக்காது என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டான்.

ஏழாவது கையெழுத்து, மரபுப் பிரிவுத் தலைவி கூல்சாரா. அலுவலகத்தின் எல்லா முத்திரைகளும் அவள் இடுப்புச் சாவியின் பொறுப்பில் இருந்தன. யாருக்கு எத்தனாவது நாற்காலி, எந்தக் கடிதத்தில் யார் பெயர் மேலே, எல்லாம் அவள் சொன்னபடிதான். தேநீர்க் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, அந்த ஒரு வரியைப் படித்ததும் அவள் முகம் சுண்டிப்போயிற்று.

"முதல்ல நம்ம ஃபோல்டர் பேரு. அப்புறம் தலைநகரத்துப் பேரா? இதை எழுதினவன் யாரு?"

"நான்தான் எஜே. முதல்ல எழுதுறது எங்கேயிருந்துன்னு. ரெண்டாவது எங்கேன்னு. அதோட இலக்கணம் அப்படி." மூத்த பெண் யாரானாலும் அங்கே எஜே, அதாவது அக்கா; மூத்த ஆண் பைகே, அண்ணன்.

"இலக்கணமா? விருந்துல இடுப்பெலும்பை யாருக்கு முதல்ல வைப்ப? மூத்தவனுக்கா, தண்ணி ஊத்துறவனுக்கா? ஆளுக்கு ஆள் எலும்பு பார்த்து வைக்கத் தெரியாதவனை நம்ம ஊர்ல மனுஷன்னே சொல்ல மாட்டாங்க. மாவட்டம் முன்னாடி, தலைநகரம் பின்னாடின்னு எழுதினா நாளைக்கு என் முகத்துல எவன் முழிப்பான்?"

பேனாவை எடுத்து, இரண்டு பெயருக்கும் நடுவே வளைத்து ஒரு கோடு போட்டு, முன்னும் பின்னும் மாற்றிவிட்டாள். ஓரத்தில் அழகான கையெழுத்தில் எழுதினாள்: பெரிய இடம் முதலில்.

மேதெர்பெக் அவள் மேசைமேல் குனிந்தான்.

"எஜே, உங்க காலைத் தொட்டுக் கேக்குறேன். இப்படி எழுதினா அங்கேயிருந்து இங்கே வரும். அங்க நம்ம இடத்துல ஒண்ணுமே இல்ல. எர்மெக் பைகே சேர்க்கச் சொன்ன சொல் வேற இருக்கு. அங்க இல்லாதது இங்கயும் இருக்கக் கூடாதுன்னு பதினோரு வருஷத்தையும் துடைச்சிடும்."

கூல்சாரா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "தலைநகரத்துல ஒண்ணுமே இல்லன்னு சொல்றியா?"

"நம்ம ஃபோல்டர்..."

"எழுதிக் குடு. தலைநகரத்துல ஒண்ணும் இல்லைன்னு உன் கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடு. நான் மாத்துறேன்."

எவன் எழுதிக் கொடுப்பான்? மேதெர்பெக் எர்மெக்கிடம் ஓடினான். "என் கையெழுத்துக்கு அப்புறம் நடந்தது, எனக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல" என்றார் அவர். இயக்குநரிடம் ஓடினான். "ஏழு பேர் போட்ட கையெழுத்து ஒரு பக்கம், நீ ஒருத்தன் ஒரு பக்கம். ஏழு பெருசா ஒண்ணு பெருசா? கணக்குப் படிச்சவன்தானே நீ?" என்றார் அவர். எண்டர் தட்டும் விழா மே ஆறாம் தேதி என்று நாள் குறித்தாகிவிட்டது.

மே ஐந்தாம் தேதி மதியம் எல்லோரும் விழாவுக்காக அடித்த ஆட்டைப் பார்வையிடப் போயிருந்தார்கள். மேதெர்பெக் மட்டும் கணினி முன்னால் உட்கார்ந்திருந்தான். அக்கா போனில் கூப்பிட்டாள்.

"டேய், ஓடையில தண்ணி கலங்கலா வருது. பாலத்துப் பலகையைத் தொடுது. நான் பாட்டுக்கு ஜாமான் எல்லாத்தையும் பரண்ல ஏத்திட்டேன். உங்க ஆபீஸ்ல என்ன சொல்றாங்க?"

"கையெழுத்தாயிடுச்சு எஜே."

"கையெழுத்தைக் கரையில வெச்சா தண்ணி நிக்குமாடா? தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன முழம் என்ன. நான் இங்கதான் இருப்பேன், மாட்டை விட்டுட்டு எங்க போறது? நீயாவது நல்லா இரு." வைத்துவிட்டாள்.

மேதெர்பெக்குக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. விசைப்பலகையை ஓங்கிக் குத்தப் போனான். குத்தப் போன கை அப்படியே நின்றது. வலது ஓரத்தில், எண்கள் இருக்கும் பக்கத்தில், கடைசியில் செங்குத்தாக ஒரு பொத்தான். அதன்மேல் எண்டர் என்று எழுதியிருந்தது. அதன்மேல் அரக்கு இல்லை. ஒரு வருஷமாக அது அங்கேயேதான் இருந்தது. படிவத்தில் அதற்குக் கட்டமில்லாததால் இருபத்தாறு பேர் கண்ணுக்கும் தெரியவில்லை. அவன் கண்ணுக்கும் தெரியவில்லை. அதை நினைத்துத்தான் அவனுக்குக் கூடுதலாக அவமானமாயிருந்தது.

முதலில் எழுதிய வரியை, தன் ஃபோல்டர் முன்னாலும் தலைநகரம் பின்னாலுமாக, அப்படியே அடித்தான். கதவைப் பார்த்தான். சுண்டுவிரலால் தட்டினான். நான்கு நிமிடம்கூட ஆகவில்லை, மூன்று நிமிடம் நாற்பது நொடி. பதினோரு வருஷமும் போய்ச் சேர்ந்தது.

மறுநாள் விழா. இயக்குநர் தலையில் புது வெள்ளைக் கல்பாக் தொப்பி. எண்டர் பொத்தானை வெள்ளைக் கம்பளித் துண்டில் வைத்து ஏந்தி வந்தார்கள். அரக்கைச் சுரண்டினார்கள். பொத்தானைத் தலைகீழாக மாட்டி, பிறகு நேராக மாட்டினார்கள். இயக்குநர் பேசினார்.

"இந்தப் பொத்தான் ஒரு வருஷமா என் பாதுகாப்புல இருந்துச்சு. அந்த ஒரு வருஷத்துல இந்த அலுவலகத்துல ஒரு தவறும் நடக்கல. வேற எதுவுமே நடக்கலையேன்னு சில பேரு சொல்றாங்க. அவங்களுக்கு நான் சொல்லிக்கிறேன், அது தானா வந்துடல. அதுக்குப் பின்னாடி எவ்வளவு உழைப்பு இருக்குன்னு எனக்குத்தான் தெரியும்!"

உள்ளங்கைகளை விரித்து ஆசி சொல்லி, எல்லோரும் "ஓமின்" என்று முகத்தைத் தடவிக்கொண்டதும், ஏழு கையெழுத்து வாங்கிய வரியை எண்டரால் தட்டினார். பெரிய இடம் முதலில்.

அங்கே இருந்ததும் இங்கே இருந்ததும் ஏற்கனவே ஒன்றுதான். எனவே ஒன்றும் நடக்கவில்லை. திரை ஒரு வரியைக் காட்டிவிட்டுச் சும்மா கிடந்தது. மேதெர்பெக்குக்குப் போன மூச்சு திரும்பி வந்தது.

"முடிஞ்சுதா?" என்றார் இயக்குநர்.

"முடிஞ்சுது."

"சத்தமே இல்ல பாத்தீங்களா? இதுதான் ஒழுங்கு!"

எர்மெக் இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டார். அச்சு அசல். வாழ்க்கையில் முதல் தடவையாக வாயிலிருந்த குருத்தைக் கடித்து விழுங்கினார்.

மே பத்தாம் தேதி குழு கூடியது. கெர்-கோலுக்குத் தோண்டுயந்திரம் ஒதுக்கினார்கள். அது தோலோனோ வழியாக உறுமிக்கொண்டு ஏறியபோது கூமுஷ் ஓட்டுநருக்கு ஒரு வாளி நிறையக் குதிரைப்பால் கொடுத்தாளாம். "என் தம்பி பண்ணின வேலை" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாயிருக்கும். ஆனால் நிறுவனம் என்பது தானாக நடந்த நல்லதைச் சும்மா விட்டுவிடாது.

நாட்டிலேயே ஒரு பிழையும் இல்லாமல், இரு பக்கமும் நூற்றுக்கு நூறு ஒத்துப்போன ஒரே மாவட்டம் கோக்-தாஷ்தான் என்று தலைமையகம் கண்டுபிடித்தது. இயக்குநருக்குச் சரிகை அங்கி போர்த்தினார்கள். "கோக்-தாஷ் முறை"யை நாற்பது மாவட்டமும் பின்பற்ற வேண்டும் என்று உத்தரவு வந்தது. எண்டரைப் பிடுங்குவது, அரக்கு ஊற்றுவது, ஏழு கையெழுத்து, பெரிய இடம் முதலில். மற்ற மாவட்டங்களுக்குப் பயிற்சி கொடுக்க ஒருவனைப் போட்டார்கள். யார் என்று சொல்ல வேண்டுமா?

மேதெர்பெக் உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் இயக்குநர் அறைக் கதவுவரை போனான். யந்திரம் அப்போது பாதி வாய்க்கால்தான் வெட்டியிருந்தது. சொன்னால் அவனுடைய அளவுகள் "அனுமதியின்றி வந்தவை" ஆகும். யந்திரம் மலையிறங்கிவிடும். கதவிலிருந்து திரும்பிவிட்டான்.

அதற்குப் பதிலாக ஒரு தந்திரம் செய்தான். வகுப்பில் உத்தரவுப்படி "பெரிய இடம் முதலில்" என்று கரும்பலகையில் எழுதிக் காட்டுவான். தேநீர் வேளையில், எண்ணெயில் பொரித்த போர்சோக் ரொட்டித் தட்டை நடுவில் வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "வலது ஓரத்துல இன்னொண்ணு இருக்கு. விழாவுக்கு முந்தின நாளே அதால, நம்ம பேரை முன்னாடி போட்டுத் தட்டிடுங்க. கேட்டா நான் சொல்லல" என்பான். அளவுக்காரர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். மாவட்டம் மாவட்டமாக விழா நடந்தது. எல்லா இடத்திலும் திரை சும்மா கிடந்தது. எல்லா இடத்திலும் கைதட்டினார்கள்.

வகுப்புக்கு பெர்மெத் என்று ஒருத்தி வந்திருந்தாள். தெற்கு மலைக்காரி, ஏழு வருஷமாகத் தனியாக ஏரிக்கு மலையேறுகிறவள். "உங்க ஏரிக்கு எங்க ஏரி அக்கா, பைகே. கீழ மூணு கிராமம்" என்று சொல்லியிருந்தாள். தேநீர் வேளையில் அவளைப் பிடித்து இயக்குநரோடு படமெடுக்கக் கூட்டிப் போய்விட்டார்கள். திரும்பி வருவதற்குள் அவளுடைய பேருந்து நேரமாகிவிட்டது. போனில் சொல்லிக்கொள்ளலாம் என்று மேதெர்பெக் நினைத்தான்.

நினைத்தான்தான். ஆனால் அந்த வாரம் அவனுக்கும் ஒரு முத்திரை கொடுத்துவிட்டார்கள். "பயிற்சியாளர், சரிபார்த்தேன்" என்று அதில் இருந்தது. மாவட்டங்களிலிருந்து கட்டளைப் படிவங்கள் கட்டுக் கட்டாக வந்தன. முதல் பத்தைப் படித்துப் பார்த்துக் குத்தினான். அப்புறம் படிக்காமல் குத்தினான். குத்தும்போது ஒரு சத்தம் வரும், அது அவனுக்குப் பிடித்துக்கூடப் போயிற்று. போன் மறந்துபோயிற்று.

ஜூன் பதினெட்டு, காலை பதினொன்றரை மணிக்கு பெர்மெத் கூப்பிட்டாள். பின்னால் ஒலிபெருக்கி, பேச்சு, சிரிப்பு.

"பைகே, எங்க விழா நடந்துக்கிட்டிருக்கு! எண்டர் தட்டியாச்சு. உங்க ஊர்ல திரையில ஒண்ணுமே வரலன்னு சொன்னாங்க, எங்களுக்கு வரிவரியா ஓடுது. நான் எடுத்த படமெல்லாம் பேர் பேராப் போகுது. நல்லதுதானே?"

மேதெர்பெக் எழுந்து நின்றுவிட்டான். "வரிக்கு முன்னாடி என்ன சொல் இருக்கு?"

"இருங்க... டிலீட்டிங்."

"பெர்மெத், கண்ட்ரோலையும் சி-யையும் சேர்த்து அழுத்து! இப்பவே! அழியுதும்மா, எல்லாம் அழியுது, நிறுத்து!"

அந்தப் பக்கம் அவள் யாரிடமோ படபடவென்று சொல்வது கேட்டது. ஒரு கனத்த ஆண்குரல் சொன்னது: "ஆரம்பிக்க உத்தரவு இருக்கு. நிறுத்த உத்தரவு எங்க? கையை எடும்மா."

"ஐயா, கோக்-தாஷ் மேதெர்பெக் பைகேயே சொல்றாரு!"

காகிதத்தைப் புரட்டும் சத்தம்.

"அவரு சொல்ல மாட்டாரே. இதோ பாரு, அவரோட முத்திரைதான் குத்தியிருக்கு. சரிபார்த்தேன்னு போட்டிருக்கு."

பெர்மெத் போனை வைக்கவில்லை. பிறகு அந்தப் பக்கம் கைதட்டினார்கள். இரண்டு பக்கமும் ஒன்றாக இருந்ததாம்.